104 சதவீதம் ஈரமுள்ள கத்திரி இலை

போன சித்திரையில் எங்கள் மொட்டைமாடியில் ஆறு பைகளில் கத்திரி நின்றது. திருச்சி வெயில் என்னவென்று தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்கு இலைகள் அப்பளம் மாதிரி விறைப்பாக இருக்கும். மதியம் ஒரு மணிக்கு எல்லாம் ஈரத்துணி மாதிரி தொங்கும். அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. "செடி வாடுதுடா, ஒரு குடம் தண்ணி ஊத்தேன்" என்பார். ஊற்றுவேன். சாயங்காலம் செடி நிமிர்ந்துவிடும், அம்மாவுக்கும் திருப்தி. ஒரு நாள் வேலை மும்முரத்தில் ஊற்ற மறந்துவிட்டேன். அன்றைக்கும் சாயங்காலம் நிமிர்ந்துவிட்டது.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அதற்கு முந்தைய வருடம் நான்கு மிளகாய்ச் செடிகளுக்கு இப்படியே பாசமாக ஊற்றி ஊற்றி வேரை அழுக வைத்தவன் நான். வாடுகிற இலையெல்லாம் தாகத்தில் வாடவில்லை என்றால், எது தாகம், எது வெறும் மதிய மயக்கம் என்று எப்படிப் பிரிப்பது? மண்ணில் விரலை விட்டுப் பார்க்கலாம். ஆனால் மண்ணில் தண்ணீர் இருப்பது வேறு, இலைக்கு அது போய்ச் சேர்ந்திருப்பது வேறு. இலைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று நேராகவே அளந்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடியும் வேலை என்று நினைத்தது இரண்டரை மாதம் இழுத்தது.

முதல் முயற்சி படுசாதாரணம். இலையைக் கிள்ளி எடை போடு, காய வை, மறுபடி எடை போடு, குறைந்ததெல்லாம் தண்ணீர். வீட்டில் பத்து மில்லிகிராம் வரை காட்டும் சின்ன நகைத் தராசு ஒன்று இருந்தது. விறைப்பாக நின்ற காலை இலை 3.12 கிராம், காய்ந்த பிறகு 0.51. தண்ணீர் 83.7 சதவீதம். துவண்டு தொங்கிய மதிய இலை 2.67 கிராம், காய்ந்த பிறகு 0.49. தண்ணீர் 81.6 சதவீதம்.

இரண்டு சதவீதம். கண்ணுக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், கணக்கில் இரண்டே இரண்டு சதவீதம். தராசுதான் சரியில்லை என்று முதலில் அதைத் திட்டினேன். தப்பு தராசில் இல்லை, கணக்கில் இருந்தது. 100 கிராம் இலையில் 84 கிராம் தண்ணீர், 16 கிராம் சக்கை என்று வையுங்கள். அதில் 14 கிராம் தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டது, அதாவது இருந்ததில் ஆறில் ஒரு பங்கு. மிச்சம் 70 கிராம் தண்ணீர். ஆனால் இலையின் மொத்த எடையும் இப்போது 86 ஆகக் குறைந்துவிட்டதே! 70-ஐ 86-ஆல் வகுத்தால் 81.4 சதவீதம். வகுக்கிற எண்ணும் கூடவே இறங்குவதால் வாட்டம் கணக்கில் மறைந்துவிடுகிறது. போதாததற்கு, இளம் இலையையும் முற்றிய இலையையும் ஒப்பிட்டால் சக்கையின் அளவே மாறும். அந்த வித்தியாசமே இரண்டு சதவீதத்தை விழுங்கிவிடும்.

பயிர் ஆராய்ச்சிக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். வெதர்லி என்பவர் 1950-இல் பருத்திச் செடியில் செய்த முறை அது. 1962-இல் பார்ஸ் என்பவரோடு சேர்ந்து அதை மறுபடி சோதித்துச் செம்மைப்படுத்தினார். இன்றைக்கும் வேளாண் கல்லூரிகளில் மாணவர்கள் செய்வது ஏறக்குறைய அதேதான். இலையில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்று கேட்காமல், இந்த இலை வயிறு முட்டக் குடித்தால் எவ்வளவு பிடிக்குமோ அதில் இப்போது எவ்வளவு வைத்திருக்கிறது என்று கேட்பது. பேருந்தில் எத்தனை பேர் என்று எண்ணாமல், எத்தனை இருக்கை நிரம்பியிருக்கிறது என்று பார்க்கிற மாதிரி. இதற்கு மூன்று எடை வேண்டும். பறித்தவுடன் எடுக்கிற பச்சை எடை, தண்ணீரில் மிதக்கவிட்டு எடுக்கிற விறைப்பு எடை, காய வைத்து எடுக்கிற உலர் எடை. பச்சையிலிருந்து உலரைக் கழி. விறைப்பிலிருந்தும் உலரைக் கழி. முதல் விடையை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கு. இதைச் சார்பு நீரளவு என்று சொல்லலாம். தண்ணீர்க் குறை இல்லாத செடியில் அதிகாலையில் இது 90-க்கு மேல் இருக்க வேண்டும்.

முழு இலையை மிதக்கவிட்டால் காம்பு வழியாகக் குடிக்கிறதா, ஓரம் வழியாகவா என்ற குழப்பம் வரும். அதனால் வட்டமாக வில்லைகள் வெட்டிக்கொள்ள வேண்டும். ஆபீஸ் காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்ச் கருவியை எடுத்து ஆரம்பித்தேன். ஆறு மில்லிமீட்டர் வில்லை, ஒன்று ஐந்து மில்லிகிராம் தேறும். என் தராசுக்கு அப்படி ஒன்று தன்மேல் இருப்பதே தெரியவில்லை. தவிர, சின்ன வில்லையில் வெட்டுப்பட்ட ஓரம்தான் அதிகம். கிழிந்த செல்களுக்கு நடுவே தண்ணீர் ஏறி நின்றுகொண்டு, குடித்த தண்ணீர் போலக் கணக்கில் வந்துவிடும். தோல் வேலைக்கு விற்கிற 16 மில்லிமீட்டர் லெதர் பஞ்ச் ஒன்று கிடைத்தது. பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை இலைக்குக் கீழே வைத்து மேலிருந்து ஒரு தட்டு தட்டினால் ஓரம் நசுங்காமல் வெட்டும். நடு நரம்பை விட்டுவிட்டு, நுனியிலிருந்து எண்ணி மூன்றாவது, நான்காவது இலைகளில் மொத்தம் பத்து வில்லைகள்.

தராசையும் மாற்ற வேண்டி வந்தது. ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு, இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, 50 கிராம் வரை தாங்கும். கூடவே வந்த 20 கிராம் கல்லை வைத்துச் சரிபார்த்தேன். சந்தேகத்துக்குப் புது பத்து ரூபாய் நாணயத்தையும் வைத்தேன். அதற்கென்று வகுத்திருக்கிற எடையைத்தான் தராசும் காட்டியது. மின்விசிறி ஓடினால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். தராசின் மேல் கவிழ்க்க ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும், ஆனால் மே மாதம் விசிறியை நிறுத்திவிட்டு உட்காருகிறவனின் பாடு தனி.

வில்லைகளைப் போட்டு வைக்க இறுக்கமாக மூடுகிற, எடை குறைந்த, சூடு தாங்குகிற ஒரு சிமிழ் தேவைப்பட்டது. பூஜை அலமாரியில் எவர்சில்வர் குங்குமச் சிமிழ்கள் மூன்று இருந்தன. ஒன்று 14 கிராம்தான். இரண்டை எடுத்துக்கொண்டேன்.

"ஏன்டா, சிமிழுக்குள்ள கத்திரி இலையைப் போட்டு என்ன பண்ற?"

"எடை போடறேம்மா."

"கத்திரிக்காயை எடை போட்டா அர்த்தம் இருக்கு."

சிமிழ் எதற்கு என்று புரியாதவர்கள் இதை ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். மதியம் வெட்டிய வில்லைகளைத் திறந்த தட்டில் அப்படியே தராசில் வைத்தேன். 0.341 காட்டியது. நான் பேனாவைத் தேடி எடுப்பதற்குள் 0.340. எழுதும்போது 0.339. கண் எதிரே தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது, நிமிடத்துக்கு மூன்று மில்லிகிராம் வீதம். மாடியிலிருந்து கீழே இறங்கி வருவதற்குள் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டால் வயிறு கலங்கும். அதனால் சிமிழை முன்கூட்டியே எடை போட்டு மாடிக்கு எடுத்துப்போய், வெட்டிய வில்லையை அங்கேயே உள்ளே தள்ளி மூடி, கீழே வந்து மூடியோடு எடை போட்டேன். அதற்கப்புறம் எண் அசையவில்லை.

சரி, இப்போது 104 சதவீதக் கதை.

எல்லாக் கருவியும் தயாரான முதல் அதிகாலை. பச்சை எடை 0.418 கிராம். நான்கு மணி நேரம் மிதக்கவிட்டு எடுத்த விறைப்பு எடை 0.405. உலர் எடை 0.061. கணக்கு 103.8 என்றது. குடிக்க முடிந்த அளவைவிட அதிகமாகக் குடித்து வைத்திருக்கும் இலை! மூன்று தடவை கால்குலேட்டரில் போட்டேன். அப்புறம் மறுநாள் விடியலில் மாடிக்குப் போய் இலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது விளங்கியது. சில்லென்று இருந்தது. முந்தின இரவு பக்கத்துப் பைகளுக்குத் தெளித்த தண்ணீரும் பனியும் இலைமேல் கண்ணுக்குத் தெரியாத படலமாக இருந்திருக்கிறது. கத்திரி இலையில் நட்சத்திர வடிவில் மெல்லிய ரோமங்கள் உண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும், விரலால் தடவினால் சொரசொரப்பாக உணரலாம். அந்த ரோமக் காட்டுக்குள் ஈரம் பதுங்கிக்கொள்ளும். பச்சை எடையில் இலைக்கு உள்ளே இருந்த தண்ணீரோடு வெளியே ஒட்டியிருந்ததும் சேர்ந்துவிட்டது.

அதாவது ஒரு பக்கம் ஈரத்தை ஒற்றி எடுக்கத் தவறினேன். இன்னொரு பக்கம், விறைப்பு எடை போடும்போது ஆர்வக்கோளாறில் டிஷ்யூ பேப்பரை வைத்து அழுத்தி அழுத்தி எடுத்ததில் உள்ளே இருந்த தண்ணீரும் கொஞ்சம் வந்துவிட்டது. பேப்பரில் பச்சைக் கறை வட்டமாகப் பதிந்திருந்தது. அது சாறு, ஒட்டின தண்ணீர் இல்லை.

இந்த ஒற்றும் வேலைதான் முழுப் பரிசோதனையின் உயிர் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 16 மில்லிமீட்டர் வில்லை ஒன்றின் ஒரு பக்கம் இரண்டு சதுர சென்டிமீட்டர். இரண்டு பக்கம், பத்து வில்லை, மொத்தம் 40 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனத்துக்குத் தண்ணீர் ஒட்டியிருந்தால் அது 40 மில்லிகிராம். என் விறைப்பு எடையே 400 சொச்சம் மில்லிகிராம்தான்! 95 சதவீதம் என்று வர வேண்டிய விடை 85-க்குப் போய்விடும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் ஈரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, மினுமினுப்பாக மட்டும் தெரியும்.

ஆகவே கையை நம்புவதை விட்டேன். டிஷ்யூ பேப்பரை நான்காக மடித்துக் கீழே ஒன்று, மேலே ஒன்று. நடுவில் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படாமல். மேலே ஒரு தட்டையான ஓடு, அதன்மேல் பழைய மளிகைத் தராசின் அரைக்கிலோ படிக்கல். மனதுக்குள் ஐந்து எண்ணுவேன், எடுத்துவிடுவேன். புதுப் பேப்பரில் இன்னொரு தடவை அதே ஐந்து. அவ்வளவுதான், மூன்றாவது தடவை கிடையாது. காலையில் பச்சை எடை எடுக்கும் முன்பும் இலையை இதே மாதிரி ஒற்றிவிட்டுத்தான் வெட்டுகிறேன். இந்த முறை அப்பழுக்கில்லாதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு தப்பு செய்கிறேன், அது போதும். ஒரே இலையிலிருந்து எடுத்த இரண்டு கூட்டம் வில்லைகளுக்கு முன்பு ஏழெட்டு சதவீதம் வித்தியாசம் வந்துகொண்டிருந்தது. படிக்கல் வந்த பிறகு இரண்டுக்குள் அடங்கிவிட்டது.

மிதக்கவிட இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். எத்தனை மணி நேரம் மிதக்கவிடுவது? சிலர் இரவு முழுவதும் விடுகிறார்கள். பார்ஸும் வெதர்லியும் நான்கு மணி நேரம் என்கிறார்கள். ஏன் என்று பார்க்க ஒரு ஞாயிறு முழுக்க மணிக்கு ஒரு தடவை எடுத்து, ஒற்றி, எடை போட்டேன். முதல் இரண்டு மணி நேரத்தில் எடை சரசரவென்று ஏறியது. மூன்றாவது மணியில் மந்தமானது. நான்குக்குப் பிறகு நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவில்லை, மெதுவாக ஏறிக்கொண்டே போனது. இளம் இலை வில்லைகளில் இன்னும் கூடுதலாக. வெட்டி மிதக்கவிட்ட பிறகும் அந்தத் துண்டு உயிரோடுதான் இருக்கிறது, தண்ணீரைக் குடித்து வளர்கிறது. முதலில் குடித்தது குறையை நிரப்ப. பிறகு குடிப்பது வளர்ச்சிக்கு, அது நம் கணக்கில் சேரக்கூடாது. இரண்டும் பிரியும் இடம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். தட்டை மூடி, மங்கலான வெளிச்சத்தில் வைத்தேன். பளிச்சென்று வெயிலில் வைத்தால் சர்க்கரை தயாரிக்கும். கும்மிருட்டில் வைத்தால் இருக்கிற சர்க்கரையைச் சுவாசித்துத் தீர்க்கும். இரண்டாலும் உலர் எடை மாறும். சமையலறையில் அடுப்புக்கு எதிர்ப்பக்க மேடை தோதாக இருந்தது.

உலர்த்துவதற்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். 70, 80 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டும். வீட்டு ஓவன் 100-க்குக் கீழே இறங்காது. முதல் தடவை வைத்தபோது வில்லைகள் பழுப்பேறி வறுத்த வாசம் வந்தது. வறுபட்டால் தண்ணீரோடு வேறு சிலதும் போய்விடும். மைக்ரோவேவில் எவர்சில்வர் சிமிழை வைக்கவே கூடாது, பொறி பறக்கும். கடைசியில் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் 60 வாட் குண்டு பல்பு மாட்டி, 12 வோல்ட்டில் ஓடும் டபிள்யூ 1209 தெர்மோஸ்டாட் போர்டை வைத்து, 75 டிகிரியில் பல்பு அணையும்படி செய்தேன். பல்புக்கும் சிமிழுக்கும் நடுவே அலுமினியத் தகடு ஒன்று தடுப்பாக. அது இல்லாதபோது பல்பைப் பார்த்த பக்கம் மட்டும் வில்லை கருகியது. டின்னுக்கு எர்த் ஒயர் கொடுத்திருக்கிறேன். 230 வோல்ட்டையும் தகர டின்னையும் சேர்த்து விளையாடுகிறவர்கள் அதை மறக்கக் கூடாது.

ஆறு மணி நேரத்தில் 0.071, பன்னிரண்டில் 0.064, இருபத்து நான்கில் 0.062, முப்பத்தாறிலும் 0.062. அழகாக நின்றுவிட்டது. ஆனால் சிமிழைத் திறந்து வைத்து ஆறவிட்டால் அது வேறு கதை. காய்ந்த இலை காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். தராசில் 0.062, 0.063 என்று ஏறி ஐந்து நிமிடத்தில் 0.066-க்கு வந்துவிட்டது. உடனே ஷூ பெட்டிகளில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களைச் சேகரித்து, அதே டின்னில் சூடாக்கிப் புதுப்பித்து, ஒரு டப்பாவுக்குள் போட்டு அதில் சிமிழை ஆறவைக்கும் ஏற்பாடு வரை போனேன். இப்படி ஒரு வாரம்.

அப்புறம்தான் ஒரு நாள் கணக்கில் 0.062-க்குப் பதில் 0.066 போட்டுப் பார்த்தேன். 95.1 சதவீதம் 95.0 ஆனது. வேறொன்றும் ஆகவில்லை. உலர் எடை மேலேயும் கழிபடுகிறது, கீழேயும் கழிபடுகிறது. அதில் நாலு மில்லிகிராம் தப்பினால் இரண்டு பக்கமும் சேர்ந்து நகர்ந்து விடை ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. அதே நாலு மில்லிகிராம் விறைப்பு எடையில் தப்பினால் ஒரு சதவீதத்துக்கு மேல் அடிபடும். தெர்மோஸ்டாட்டுக்கும் சிலிகா ஜெல்லுக்கும் செலவழித்த ஒரு வாரத்தை டிஷ்யூ பேப்பருக்குச் செலவழித்திருக்க வேண்டும். இதைச் செய்யப் போகிறவர்கள் வில்லைகளைத் திறந்த சிமிழோடு சித்திரை வெயிலில் காரின் டாஷ்போர்டில் இரண்டு மூன்று நாள் வைத்து எடுத்தால்கூட, வாடிய செடியையும் வாடாத செடியையும் பிரிக்க அது போதும் என்பது என் எண்ணம்.

எல்லாம் ஒழுங்குக்கு வந்த பிறகு எடுத்த அளவுகள் இவை, பத்து வில்லைக்கு:

முதல் பை, விடியல் 5.30 மணி: பச்சை 0.392, விறைப்பு 0.409, உலர் 0.062. சார்பு நீரளவு 95.1.
அதே பை, மதியம் 1.30 மணி: பச்சை 0.341, விறைப்பு 0.406, உலர் 0.064. சார்பு நீரளவு 81.0.
இரண்டாவது பை, மூன்று நாள் தண்ணீர் நிறுத்தி, விடியல்: பச்சை 0.301, விறைப்பு 0.398, உலர் 0.063. சார்பு நீரளவு 71.0.

பழைய வழியில் கணக்கிட்டால் இந்த மூன்றும் 84.2, 81.2, 79.1. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. புதுக் கணக்கில் 95, 81, 71 என்று தள்ளித் தள்ளி நிற்கின்றன. மதிய உலர் எடை இரண்டு மில்லிகிராம் கூடியிருப்பதைப் பார்த்தீர்களா? காலையிலிருந்து வெயிலில் தயாரித்த சர்க்கரையும் மாவும் அதில் சேர்ந்திருக்கலாம். என் தராசின் எல்லைக்கே நெருக்கமான எண் என்பதால் சத்தியம் பண்ண மாட்டேன்.

அம்மாவுக்கும் எனக்கும் இருந்த வழக்கு இங்கே தீர்ந்தது. மதியம் தொங்குகிற முதல் பைச் செடி, ராத்திரி முழுக்க வேர் வழியாகக் குடித்து விடியலில் 95-க்கு வந்துவிடுகிறது. மதியத்தில் இலை ஆவியாக விடுகிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். மண்ணில் தண்ணீருக்குக் குறையில்லை. விடியலிலும் மேலே வராத செடிதான் தாகத்தில் இருக்கிறது. அதனால் அளப்பதை விடியலுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். ஆறு பைகளுக்கும் அறுபது வில்லை வெட்டினால் செடியே மிஞ்சாது என்பதால் சந்தேகப்பட்ட பையில் மட்டும்.

இலையை வெட்டாமல் அளக்க முடியாதா என்று யாரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். துணி கிளிப்பின் இரண்டு தாடையிலும் ஒரு சதுர சென்டிமீட்டர் செப்புத் தகடு ஒட்டி, இலையை நடுவில் கவ்வி, அதை மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் ஒரு மின்தேக்கியாக்கினேன். நடுவில் இருக்கும் பொருள் அந்தத் தேக்கத்தை எத்தனை மடங்காக்கும் என்று சொல்கிற எண் மின்காப்பு மாறிலி. தண்ணீருக்கு அது 80 பக்கம், காற்றுக்கு ஒன்று, காய்ந்த சக்கைக்கு ஓரிரண்டு மடங்கு கூடுதல். எனவே தண்ணீர் குறைந்தால் மின்தேக்கு அளவு குறைய வேண்டும். மின்தேக்கு அளவைத் துடிப்புகளின் வேகமாக மாற்ற சிமாஸ் வகை 555 ஐசி, அந்தத் துடிப்புகளை எண்ண ஆர்டுவினோ நானோ என்கிற குட்டிக் கணினிப் பலகை, அதற்குப் பத்து வரி நிரல். விளக்கப்படம் அழகாக வந்தது. ஆனால் நான் கையை அருகில் கொண்டுபோனாலும் அதே அழகோடு மாறியது. தகட்டின் மேல் இலைச் சாறு படாமலிருக்க ஒட்டிய டேப்தான் கெடுத்தது. இரண்டு பக்க டேப்பும் சேர்ந்து சுமார் 26 பிகோஃபாரட் (மின்தேக்கு அளவின் அலகு). நடுவில் இலை 140 பக்கம் என்று மதிப்பிட்டேன். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் தொடரிணைப்பில் சின்னதுதான் அதிகாரம் செய்யும். இலை 140-இலிருந்து 100-க்குச் சரிந்தாலும் மொத்தம் 22-இலிருந்து 21-க்குத்தான் நகரும். நான் அளந்துகொண்டிருந்தது டேப்பை. அந்த ரோமங்கள் வேறு தகட்டுக்கும் இலைக்கும் நடுவே காற்றை நிறுத்தின. நாலு நாளில் கிளிப் கவ்விய இடம் மஞ்சளாகிவிட்டது.

ஒளியால் அளக்கலாம் என்றால், ரிமோட்டில் இருப்பது போன்ற மலிவான எல்இடிகள் எட்டும் 970 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கத்தில் ஓர் இலைக்குள் உள்ள கால் மில்லிமீட்டர் தண்ணீர் ஒரு சதவீத ஒளியைத்தான் விழுங்கும். 1450 நானோமீட்டருக்குப் போனால் பாதி ஒளி போய்விடும், ஆனால் அதைப் பார்க்கிற டிடெக்டரின் விலையில் ஒரு வண்டி கத்திரிக்காய் வாங்கலாம். அழுத்தக் கலன் என்று ஒன்று இருக்கிறது. வெட்டிய கிளையைக் கலனுக்குள் வைத்து, வெட்டுவாயில் சாறு துளிர்க்கும்வரை வாயுவை ஏற்றிப் பார்ப்பது. ஷோலாண்டர் குழுவினர் 1965-இல் அதை வைத்துத்தான் வானுயர்ந்த மரங்களுக்குள் சாறு எவ்வளவு இறுக்கமாக இழுபட்டு நிற்கிறது என்று அளந்தார்கள். உச்சிக் கிளையைப் பறிக்க ஏற முடியாமல் துப்பாக்கியால் சுட்டு விழவைத்தார்கள். கார் டயரில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு அழுத்தத்தை மொட்டைமாடியில் வைத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. படிக்கல்லுக்கே திரும்பினேன்.

ஆனி மாதம் ஐந்தாவது பை. அது விடியலிலேயே தொங்கியது. முந்தின நாள் சாயங்காலம்தான் தண்ணீர் ஊற்றியிருந்தேன், விரலை விட்டால் மண் கையில் ஒட்டியது. அம்மா வழக்கம்போல, "இதுக்கு மட்டும் கூட ஒரு சொம்பு ஊத்து" என்றார். வெட்டினேன். பச்சை 0.287, விறைப்பு 0.391, உலர் 0.064. 68.2 சதவீதம். மூன்று நாள் தண்ணீர் காட்டாத இரண்டாவது பையைவிடக் கீழே. ஈர மண்ணில் நின்றுகொண்டு தாகத்தில் சாகிற செடி.

தண்ணீர் இருக்கிறது, போகிற வழி அடைபட்டிருக்கிறது. அப்படியானால் தண்டைப் பார்க்க வேண்டும். செடியைப் பிடுங்கி, அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் நிரப்பி, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி தொங்கவிட்டேன். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு வெட்டுவாயிலிருந்து ஊதுபத்திப் புகை தலைகீழாக இறங்குவது போல வெள்ளை நூல் ஒன்று மெல்ல இறங்கியது. அப்புறம் இன்னொன்று. பத்து நிமிடத்தில் டம்ளரின் அடி கலங்கலாகிவிட்டது. அம்மா குனிந்து பார்த்தார். "பால் மாதிரி இறங்குதே, என்னடா அது?"

பாக்டீரியா வாடல் நோய். தண்டில் தண்ணீர் ஏறுகிற குழாய்களில் கோடிக்கணக்கில் பெருகி அடைத்துக்கொள்ளும். டம்ளரில் இறங்கியது அந்தக் கிருமிக் கூட்டம்தான். மருந்து கிடையாது. ஈரமும் சூடும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம், நாங்கள் ஊற்றிய ஒவ்வொரு சொம்பும் அதற்குப் போய்ச் சேர்ந்தது. பையை மண்ணோடு கட்டி மாடியிலிருந்து இறக்கிவிட்டேன், உரக்குழிக்குப் போடவில்லை. வெட்டிய கத்தியையும் லெதர் பஞ்சையும் கொதிநீரில் போட்டு எடுத்தேன். பக்கத்தில் இருந்த நாலாவது பையை ஒரு வாரம் தினமும் விடியலில் அளந்தேன். 93, 94 என்றே நின்றது.

இந்த நோயைத் தாங்குவதற்காகச் சுண்டைக்காய்ச் செடியை அடியாக வைத்து அதன்மேல் கத்திரியை ஒட்டுக் கட்டுகிறார்கள். அதனால் இப்போது சுண்டை விதை ஊன்றியிருக்கிறேன். கத்திரி விதை ஒரு வாரத்தில் முளைத்துவிடும், இது மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறது. சிமிழ்கள் இரண்டையும் புளி போட்டு விளக்கி அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "வேண்டாம், நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டார்.